மேசையில் படுக்கும், கட்டிலில் பறக்கும் லேப்டாப்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து வயதைத் தாண்டிய லேப்டாப். இன்டெல் ஐ5, எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. வட்ட முனையுள்ள 65 வாட் சார்ஜர். பயன்படுத்துபவர் என் அக்கா. வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறார். நாள் முழுக்க வேர்டு, பிடிஎஃப், நடுநடுவே வீடியோ மீட்டிங். கம்ப்யூட்டரைப் பிழிந்தெடுக்கும் வேலை எதுவும் இல்லை.

புகார் ஒரே சொல்: ஸ்லோ. வீட்டில் லேப்டாப் சரிபார்த்துக் கொடுக்கும் எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சலித்த புகார்தான். எது ஸ்லோ, எப்போது ஸ்லோ என்று திருப்பிக் கேட்டால் “எல்லாமே, எப்பவுமே” என்று பதில் வரும். அது அநேகமாக உண்மையாக இருக்காது. அதனால் இன்னொரு தடவை கேட்டேன்.

“எப்பவுமேவா அக்கா?”

“மேசையில வெச்சாத்தான். கட்டில்ல உக்காந்து பண்ணா பறக்குது. எனக்கும் இந்த மேசைக்கும் ராசியில்ல போல.”

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் இந்தக் கேஸில் அதைவிடப் பெரிய துப்பு வேறு எதுவும் கிடைக்கவில்லை. கோளாறு ஓர் இடத்தில் வருகிறது, இன்னோர் இடத்தில் வருவதில்லை. வைரஸுக்கு மேசை எது, கட்டில் எது என்று தெரியாது. ஹார்டுவேர் தேய்மானத்துக்கும் தெரியாது. அப்படியானால் இரண்டு இடங்களுக்கும் நடுவே என்ன மாறுகிறது? வெளிச்சம், வைஃபை சிக்னல், லேப்டாப்பின் அடியில் காற்றோட்டம், சார்ஜர் செருகியிருக்கிறதா இல்லையா, மேசையில் மட்டும் மாட்டும் மவுஸ். இவ்வளவுதான். முதல் ஐந்து நிமிடத்திலேயே சந்தேகப் பட்டியல் இவ்வளவு சுருங்கிவிட்டது.

அதற்கு முன் நடந்த வைத்தியம்

நான் பார்ப்பதற்கு முன்பே மூன்று வைத்தியம் நடந்து முடிந்திருந்தது. இடம் போதவில்லையோ என்று அக்கா பழைய படங்களை எல்லாம் பென்டிரைவுக்கு மாற்றி அழித்திருந்தார். பலன் இல்லை. அப்புறம் அவர் மகன் விண்டோஸை அடியோடு அழித்துப் புதிதாகப் போட்டான். அன்று இரவு லேப்டாப் பறந்தது. மறுநாள் மேசையில் வைத்ததும் மறுபடி படுத்துவிட்டது. “வைரஸ் திரும்ப வந்துடுச்சு” என்பது அவன் முடிவு. கடைசியாகப் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் வைத்திருந்து பார்த்துவிட்டுக் கோளாறே இல்லை என்று திருப்பித் தந்தார்.

மூன்றும் தோற்ற வைத்தியங்கள் என்று வீட்டில் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அவை மூன்றும் தகவல்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டும் கோளாறு திரும்பியது என்றால், மென்பொருள்மேல் இருந்த சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. அன்று இரவு மட்டும் ஏன் பறந்தது என்று மருமகனிடம் கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்து, அங்கிருக்கும் பிளக்கில் சார்ஜரை மாட்டித்தான் போட்டிருக்கிறான். பழுது பார்ப்பவரிடம் லேப்டாப்பை மட்டும்தான் கொண்டுபோயிருக்கிறார்கள், சார்ஜர் வீட்டிலேயே இருந்தது. அவர் தன்னிடமிருந்த சார்ஜரில் போட்டுப் பார்த்திருப்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் கையில் இருந்தவரை அதில் கோளாறு இல்லைதான்.

எல்லா வைத்தியமும் நோய் இல்லாத இடத்தில் நடந்திருக்கிறது.

மேசையில் உட்கார்ந்து பார்த்தது

அதனால் லேப்டாப்பை நகர்த்தவே இல்லை. அக்கா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, அதே மேசை, அதே சார்ஜர், அவர் திறந்துவைத்திருந்த அதே கோப்புகளோடு பார்த்தேன். ரீஸ்டார்ட்டும் பண்ணவில்லை. ரீஸ்டார்ட் பண்ணினால் பாதிக் கோளாறு தானாகப் போய்விடும் என்பது உண்மைதான். துப்பும் கூடவே போய்விடும்.

வேர்டில் ஒரு வரி தட்டினேன். சொல்லை முடித்த பிறகுதான் முதல் எழுத்து திரையில் வந்தது. மவுஸ் அம்பு விட்டு விட்டு நகர்ந்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அது திறக்கவே நெடுநேரம் பிடித்தது. திறந்ததும் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனேன்.

ரேம் 8 ஜிபியில் 5 சொச்சம்தான் செலவாகியிருந்தது. டிஸ்க் 2, 3 சதவீதம். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பாக இருந்தால் இங்கே 100 சதவீதம் நிற்பதைப் பார்க்கலாம். ஸ்லோ புகார்களில் பெரும்பங்கு அதுதான். எஸ்எஸ்டி மாற்றினால் தீர்ந்துவிடும். இதில் ஏற்கெனவே எஸ்எஸ்டி.

சிபியு 24 சதவீதம். இந்த எண்தான் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது. முக்கால்வாசி சும்மா கிடக்கும் சிபியுவை யார் சந்தேகப்படுவார்கள்? மருமகனும் இதைப் பார்த்துவிட்டுத்தான் சிபியுவை விட்டுவிட்டிருக்கிறான்.

சூடாகி வேகம் குறைகிறதா? லேப்டாப்பின் அடியில் கைவைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புகூட இல்லை. ஃபேன் ஓடுகிறதா என்று காதை அருகில் கொண்டுபோனால் சத்தமே கேட்கவில்லை. சூட்டினால் வரும் மந்தம் இப்படி இருக்காது. இன்டெல் லேப்டாப் சிபியுக்கள் பலவும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்ளும். அதற்கு வெகு முன்பே ஃபேன் கத்த ஆரம்பித்துவிடும். அமைதியாக, குளிர்ச்சியாக இருந்துகொண்டே ஒரு லேப்டாப் தவழ்கிறது என்றால் அது வேலைப்பளுவில் திணறவில்லை, யாரோ அதைப் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

அதே பக்கத்தில் அப் டைம், அதாவது கடைசி ரீஸ்டார்ட்டிலிருந்து ஓடும் நேரம், 23 நாள் என்று காட்டியது. அக்கா மூடியை மூடுவார், திறப்பார், அவ்வளவுதான். இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப்பகுதி டிஸ்கில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்ப எழுப்பப்படும். எல்லாம் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்துட்டேன்” என்று சொல்பவர்களிடம் எதை அழுத்தினீர்கள் என்று கேட்பது வீண்போகாது. இந்தக் கேஸில் அது குற்றவாளி இல்லை. ஆனாலும் பின்னால் வரும் ஒரு விஷயம் இத்தனை நாள் கண்ணில் படாமல் போனதற்கு, அக்கா மூடியை மட்டும் மூடித் திறந்துகொண்டிருந்ததுதான் காரணமாக இருந்தது.

0.39

சிபியு வரைபடத்துக்குக் கீழே ஸ்பீடு என்று ஓர் எண் இருக்கும். பலரும் அதைப் பார்ப்பதில்லை. அங்கே 0.39 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. பக்கத்திலேயே பேஸ் ஸ்பீடு, அதாவது சிபியுவின் அடிப்படை வேகம், 1.60. வேலை இல்லாதபோது வேகம் இறங்குவது சகஜம்தான். ஆனால் நான் வேண்டுமென்றே ஒரு கனமான பிடிஎஃபைத் திறந்து வேகவேகமாகப் புரட்டினேன். எண் 0.39ஐ விட்டு அசையவில்லை.

24 சதவீதத்தின் மர்மமும் இங்கேதான் உடைந்தது. இந்த விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் அந்தச் சதவீதத்தைப் பேஸ் ஸ்பீடை வைத்துக் கணக்கிடுகிறது. 0.39ஐ 1.60ஆல் வகுத்துப் பாருங்கள், 24 சதவீதம் வரும். அதாவது சிபியு முக்கால்வாசி ஓய்வில் இல்லை. தனக்கு விட்டுவைத்த கால்வாசி வேகத்தில் முழுமூச்சாக ஓடிக்கொண்டிருக்கிறது.

சார்ஜரைப் பிடுங்கினேன். இரண்டு மூன்று நொடிதான்: 2.7 கிகாஹெர்ட்ஸ். ஃபேன் சுழலத் தொடங்கியது, நான் எப்போதோ தட்டிய எழுத்துகள் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. திரும்பச் செருகினேன்: 0.39. மறுபடி பிடுங்கினேன்: 2.7க்குப் பக்கம். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “கரண்ட் குடுத்தா தூங்குது, எடுத்தா முழிச்சுக்குது. இது என்ன கூத்து?” என்றார்.

வழக்கத்துக்கு நேர் எதிரான கூத்துதான். பேட்டரியில் ஓடும்போது சிக்கனத்துக்காக வேகம் குறைவதுதான் இயல்பு. யாராவது பவர் ஆப்ஷன்ஸில் கைவைத்து, சார்ஜரில் இருக்கும்போது சிபியுவின் உச்சவரம்பைக் குறைத்திருந்தாலும் இப்படி நேரலாம் என்பதால் அதைப் பார்த்தேன். இரண்டிலும் 100 சதவீதம். போதாததற்குப் பேட்டரி 64 சதவீதத்திலேயே நின்றது, செருகியிருந்தும் ஏறவில்லை. 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் பேட்டரிப் பாதுகாப்பு வசதி பல லேப்டாப்களில் உண்டு, இதுவும் அதுதான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போதுதான் ரீஸ்டார்ட் கொடுத்தேன். விண்டோஸ் வருவதற்கு முன் கறுப்புத் திரையில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது: அடாப்டரின் (அதாவது சார்ஜரின்) வகையை அறிய முடியவில்லை, பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம்.

“இதுவா? இது எப்பவாவது வரும். எதையாவது தட்டினா போயிடும்” என்றார் அக்கா. வாரக்கணக்கில் ரீஸ்டார்ட்டே பண்ணாததால் அந்த ‘எப்பவாவது’ வெகு அபூர்வமாகிவிட்டிருக்கிறது. விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். அடாப்டர் என்ற இடத்தில் 65 வாட் என்று வரவேண்டியதற்குப் பதிலாக, தெரியாதது என்று இருந்தது.

வோல்ட் சரி, சார்ஜர் தவறு

இந்த வகைச் சார்ஜரின் முனையைக் கூர்ந்து பார்த்தால் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று தெரியும். மின்சாரம் போவது வட்டத்தின் உட்புறம், வெளிப்புறம் என்ற இரண்டு தகடுகள் வழியாக. ஊசிக்கு வேறு வேலை. சார்ஜருக்குள் இருக்கும் சின்னச் சிப் ஒன்று, ‘நான் இத்தனை வாட் தருவேன்’ என்ற தகவலை அந்த ஊசி வழியாக லேப்டாப்புக்குச் சொல்கிறது. தகவல் வராவிட்டால், எவ்வளவு இழுக்கலாம் என்று லேப்டாப்புக்குத் தெரியாது. அதிகமாக இழுத்துச் சார்ஜர் கருகிவிடக் கூடாதே என்று பேட்டரிக்குச் சார்ஜ் போவதை நிறுத்தி, சிபியுவையும் அடிமட்ட வேகத்துக்கு அழுத்திவைக்கிறது. மதர்போர்டிலிருந்து சிபியுவுக்குப் போகும் ‘சூடு’ சமிக்ஞைக் கம்பி ஒன்று உண்டு. சூடே இல்லாவிட்டாலும் அதை இழுத்துவிட்டு வேகத்தைக் குறைக்க முடியும். 0.39 என்ற எண் அப்படித்தான் வருகிறது.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 19.5 வோல்ட் வந்தது. சார்ஜரில் அச்சிட்டிருப்பதும் அதுவே. லேப்டாப்பில் சார்ஜர் விளக்கும் எரிகிறது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டுச் சார்ஜர் நல்ல சார்ஜர் என்று முடிவு கட்டுவது எளிது. மின்சாரம் சரியாக வருகிறது, வராதது அடையாளம் மட்டும்தான். வயருக்குள் ஓடும் மூன்று கம்பிகளில் அடையாளக் கம்பிதான் மிக மெல்லியது. மடிந்து மடிந்து முதலில் அறுவதும் அதுதான்.

எங்கே மடிகிறது என்று தேடவேண்டியிருக்கவில்லை. மேசையின் இடப்பக்கம் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. லேப்டாப்பின் சார்ஜிங் துளையும் இடப்பக்கம். முனையிலிருந்து வெளிவந்த வயர் இரண்டு விரல் தூரம்கூடப் போகமுடியாமல் சுவரில் முட்டி, செங்கோணமாகத் திரும்பியிருந்தது. அந்த இடத்தில் மேலுறை வெளுத்து, விரலால் தடவினால் உள்ளே தொளதொளவென்று இருந்தது. கட்டிலில் வயர் நேராகத் தொங்கும்; அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்; அடையாளம் போய்ச் சேரும். மேசையும் கட்டிலும் செய்த மாயம் இதுதான்.

உறுதிப்படுத்த இரண்டு சோதனை. வயரை நேராகப் பிடித்துக்கொண்டு செருகினேன்: வேகம் 2.7ஐ ஒட்டி, பேட்டரியும் ஏறத் தொடங்கியது. பிடுங்கி, சுவரில் முட்டுவதுபோல மடித்துப் பிடித்துச் செருகினேன்: 0.39. ஆனால் இது மட்டும் போதாது. வயரை மடிக்கும்போது லேப்டாப்பின் துளையும் சேர்ந்து அசைகிறது. கோளாறு துளையிலும் இருக்கலாம். அக்காவின் தோழியிடம் இதே வகை 65 வாட் சார்ஜர் இருந்தது. அதை வாங்கிவந்து, நேராகவும் மடித்தும் செருகிப் பார்த்ததில் எப்படிச் செருகினாலும் முழு வேகம். துளை நிரபராதி.

பேட்டரியையும் ஒருமுறை பார்த்துவைத்தேன். கமாண்ட் ப்ராம்ப்டில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் விண்டோஸே பேட்டரி அறிக்கை தரும். புதிதில் 42,000 மில்லிவாட் அவர். இப்போது முழுதாக ஏறினால் 29,400. எழுபது சதவீதம். வயதுக்குரிய தேய்மானம்தான். லேப்டாப்பைச் சமதரையில் வைத்து ஆடுகிறதா, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்தேன், இரண்டும் இல்லை. அப்படி உப்பியிருந்தால் மற்ற எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோகவேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்துவதும் அமுக்குவதும் தீயில் போய் முடியும்.

தீர்வும், நான் ஒப்பாத ஒரு குறுக்குவழியும்

இணையத்தில் 0.39 என்று தேடினால், ஒரு சின்ன மென்பொருளை இறக்கி, அந்தச் ‘சூடு’ சமிக்ஞையைச் சிபியு காதில் போட்டுக்கொள்ளாதபடி ஒரு டிக்கை எடுத்துவிடச் சொல்வார்கள். வேகம் உடனே திரும்பும், பொய்யில்லை. மருமகன் அதைக் கண்டுபிடித்து ஆவலோடு காட்டினான். நான் வேண்டாம் என்றேன். பேட்டரி அப்போதும் சார்ஜ் ஆகாது. உள்ளே கம்பி அறுந்த வயர் அப்படியே இருக்கும். இன்று அறுந்தது அடையாளக் கம்பி, நாளை 19.5 வோல்ட் ஓடும் கம்பி பிய்ந்து உரசினால் சூடாகும். மதர்போர்டில் வேறொரு பாகம் உண்மையிலேயே சூடாகிக் கத்தினாலும் சிபியுவின் காதில் விழாது. மதர்போர்டே தவறாகச் சமிக்ஞை கொடுக்கும் பழைய லேப்டாப்பில், வேறு வழியே இல்லை என்றால் வேண்டுமானால் பார்க்கலாம். சார்ஜர் மாற்றினால் தீர்கிற விஷயத்துக்கு இது எதற்கு?

புதுச் சார்ஜர் வாங்கும்போது மூன்றைப் பார்த்தோம்: வோல்ட் அதே 19.5, வாட் 65 அல்லது அதற்கு மேல், முனை அதே அளவு. 90 வாட் சார்ஜரும் போடலாம், லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். 45 வாட் போட்டால் மறுபடி மந்தம்தான். எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும் என்று பல முனைகளோடு விற்கும் சார்ஜர்களில் அடையாளச் சிப் இல்லாமல் போகலாம். அப்படி இருந்தால் வோல்ட், வாட், முனை எல்லாம் சரியாக இருந்தும் 0.39 திரும்ப வரும்.

டைப்-சி சார்ஜர் உள்ளவர்களுக்கும் இதே கதை வேறு வேஷத்தில் வரும். அங்கே சார்ஜரும் லேப்டாப்பும் பேசித்தான் 5, 9, 15, 20 வோல்ட் என்று முடிவு செய்கின்றன. கேபிளுக்குள் சிப் இல்லாவிட்டால் 3 ஆம்பியருக்கு மேல் விடமாட்டார்கள், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட்தான் உச்சம். 100 வாட் சார்ஜர் வாங்கிவிட்டு, ஃபோனோடு வந்த கேபிளைச் செருகிக்கொண்டு “ஏன் ஏறமாட்டேங்குது” என்பவர்கள் கேபிளைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திப் போட்டோம். இதைச் செய்யாவிட்டால் புதுச் சார்ஜரும் அதே இடத்தில் அறுந்திருக்கும்.

மற்றக் கோளாறுகளில் இதே விசாரணை

எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் வருவதில்லை என்ற கேள்வி வேறு புகார்களுக்கும் பொருந்தும். திடீரென அணைந்துவிடுகிறதா? பேட்டரியில் இருக்கும்போது மட்டும், 30 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்தால் பேட்டரி. சார்ஜரில் இருந்தும் கேம், வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையில், ஃபேன் கத்தி அணைந்தால் சூடு. ஃபேன் வழியில் தூசி அடைத்திருக்கும். திரை கறுப்பாகவே இருக்கிறதா? அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்வாகத் திரைமேல் அடித்துப் பாருங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் படம் வருகிறது, பின்விளக்குதான் போயிருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் டிவியிலோ மானிட்டரிலோ இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால் திரையும் அதன் கேபிளும் சந்தேகத்துக்குரியவை, லேப்டாப்பின் மற்ற பாகங்கள் பிழைத்தன.

வைஃபை புகாரில் ஒரே கேள்வி போதும்: அதே இடத்தில் ஃபோனில் வருகிறதா? வராவிட்டால் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். வைஃபை இணைந்தும் இணையதளங்கள் எல்லாம் பாதுகாப்பில்லை என்று பயமுறுத்தினால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டின் குட்டி பேட்டரி தீர்ந்துபோய்க் காலண்டர் பல வருடம் பின்னால் போயிருந்தால், தளங்களின் சான்றிதழ்களைப் பிரவுசர் நம்பாது. கீபோர்டு தானாக ஒரே எழுத்தை அடித்துக்கொண்டிருந்தால் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள்; அங்கேயும் அடித்தால் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை.

கோப்புகள் திறக்க மறுப்பது, டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருவது இரண்டுக்கும் மட்டும் இந்த விசாரணை பொருந்தாது. ஆராய்ச்சிக்கு முன் வேண்டிய கோப்புகளை வெளியே எடுத்துவிடவேண்டும். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் டிஸ்க் இன்னும் கெட்டுக்கொண்டிருக்கலாம்.

இப்போதைய நிலை

புதுச் சார்ஜர் வந்தபின் மேசையில் வேகம் 2.5க்கும் 3க்கும் நடுவே இருக்கிறது, பேட்டரியும் ஒழுங்காக ஏறுகிறது. எழுபது சதவீதப் பேட்டரியை இப்போதைக்கு மாற்றவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், அக்கா பெரும்பாலும் மேசையில்தான் இருக்கிறார். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைச் சிபியு விண்டோஸ் 11க்குத் தகுதியுள்ளது என்பதால் அதற்கு மாறுவது அடுத்த வேலை. மருமகன் கட்டிலில் உட்கார்ந்தே அதையும் செய்துவிடுவான்.

பழைய சார்ஜரின் முனையை வெட்டிவிட்டு மின்கழிவில் சேர்த்தோம். அதன் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை மருமகனுக்கு இருந்தது. பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்பதால் விடவில்லை. வெட்டாமல் அலமாரியில் வைத்திருந்தால், விளக்கு எரிகிறதே, நல்ல சார்ஜர்தானே என்று யாராவது எடுத்து மாட்டியிருப்பார்கள்.